பின்வாசல் இல்லாத மாளிகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, படத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் உன் அத்தையும் தியேட்டருக்குப் போய் உன் படத்தைப் பார்த்தோம். நீ அந்த நீள கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாளிகைப் படியிறங்கி வந்ததும் அப்பா கைக்குட்டையை எடுத்துவிட்டார், கேட்டால் ஜலதோஷமாம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. நம் நிறத்தில் ஒரு முகம், கையில் துடைப்பம் இல்லாமல், அவ்வளவு பெரிய திரையில் வருவதை இந்த வயதில்தான் பார்க்கிறேன். எல்லா மக்களுக்கும் இடம் கொடுத்த படம் என்று பத்திரிகைகள் தூக்கிவைத்து எழுதுகின்றன. ஆனால் பாதிப் படத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் காலத்து மாளிகையில் நம் ஆட்களும் வெள்ளைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள், யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. சரி, அந்தத் தட்டுகளை எல்லாம் யார் கழுவினார்கள்? படம் முழுக்கத் தேடினேன், சமையலறையையே காணோம். இப்படிப் பூசி மெழுகத்தான் படம் எடுத்தவர்களுக்கு உன் முகம் தேவைப்பட்டதா?

அத்தை சின்ன வயதில் அப்படி ஒரு வீட்டில் வேலை பார்த்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வாசல் படியில் கால் வைத்ததற்காக அவளை விட்டே படியைக் கழுவச் சொன்னார்களே, அவள் மடியில் படுத்து நீ கேட்ட கதைதான். அதைப் போன வாரம் எதிர்வீட்டு காலேஜ் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அது சிரித்துக்கொண்டே, அப்படியெல்லாம் இருந்திருக்காது பாட்டி, படத்துல எல்லாரும் ஒண்ணாத்தானே இருந்தாங்க என்றதாம். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்ததைச் சொன்னது. அத்தை என்னிடம் வந்து, ஏம்மா, அப்ப என்னை மட்டும்தான் பின்வாசல் வழியா வரச் சொன்னாங்களா, நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டாள். எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது, வரவைத்தது நீ. நானே இன்றுவரை ஹோட்டலுக்குக் குப்பைத்தொட்டிப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். உன் போஸ்டர் இருப்பது முன்பக்கக் கூடத்தில். ஆசையாக ஒருநாள் எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் நீங்க வரக்கூடாதுன்னு தெரியாதா என்று சூப்பர்வைசர் முகத்தில் அடித்த மாதிரி கேட்டார், உன் முகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு. இது என் பொண்ணு என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் பாகத்துக்கும் உன்னையே கேட்கிறார்கள் என்றாய். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாயைத் திற. உனக்கு இப்போது நாற்காலி போடுகிறார்கள், நீ சொன்னால் காதில் விழும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, போன் செய்தால் அவசரமாக வைக்காதே. கோபமாக இருந்தாலும் எங்கள் ஆசி உன் தலைமேல்தான் இருக்கிறது, நன்றாக இரு. அத்தை ஒன்று எழுதச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன். பாப்பாவை அந்த மாளிகைக்கு ஒரே ஒரு பின்வாசல் வைக்கச் சொல்லு, அதுல யாரும் வரக்கூட வேணாம், கதவு தெரிஞ்சா போதும், நான் பொய் சொல்லலைன்னு எதிர்வீட்டுப் பொண்ணுக்குத் தெரியணும் என்றாள்.

இப்படிக்கு,
உன் அம்மா