வலப்பக்கத்தில் நிற்கும் சொல்

8 பெப்ரவரி 2025

இல்லை, வழுக்கி ஓடுவதில்லை. தாவுகிறது.

கண்ணைச் சொல்கிறேன். இன்று பல்கலைக்கழக வளாக நூலகத்தில், புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியைக் கிடத்தி, என் வகுப்புத் தோழி ஷஸ்னாவை வாசிக்கச் சொல்லி, கண்ணாடிக்குள் அவள் விழிகளைப் பார்த்தேன். நிற்கிறது — தாவுகிறது — நிற்கிறது. ஒரு நொடிக்குள் மூன்று நான்கு தடவை. தாவும் கணத்தில் எதுவும் தெரிவதில்லையாம். அப்படியென்றால் இத்தனை வருடமும் சின்னச் சின்னக் குருட்டுக் கணங்களுக்கு நடுவே வாசித்திருக்கிறேனா? எனக்கே தெரியாமல்?

"என்ன கா இப்பிடிப் பாக்கிறாய்? பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி."

சிரித்ததில் அவள் கண் வரியைத் தவறவிட்டது. அதையும் பார்த்தேன்.

11 பெப்ரவரி

ஆய்வேட்டுக்கு வழி கிடைத்துவிட்டது! பிஸ்கட் பெட்டி மட்டை, ஒரு துண்டு. ஆள் உரக்க வாசிப்பார். வாசிக்கிற சொல்லுக்கு அடுத்ததை நான் மட்டையால் மூடிக்கொண்டே நகர்வேன்.

இடப்பக்கத்தை மூடினால் ஒன்றும் ஆவதில்லை. வலப்பக்கத்தை மூடினால் தடுமாற்றம்.

கண் ஒரு சொல்லில் நிற்கும்போதே அடுத்த சொல் ஓரத்தில் மங்கலாக வந்து நிற்கிறது. அதன் நீளம், தொடக்க எழுத்து — இவ்வளவும் முன்னாலேயே கிடைத்துவிடுகிறது. கண் அங்கே போய்ச் சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

14 பெப்ரவரி

பதினொரு பேர் முடிந்தது. திறந்து வாசித்தால் ஒரு பந்திக்கு நாற்பத்தாறு நொடி, கொஞ்சம் முன்பின். வலப்பக்கத்தை மூடினால் அறுபத்துமூன்று. ஒருவர்கூடத் தப்பவில்லை.

இன்னும் ஓராள்.

15 பெப்ரவரி

வாழைச்சேனை. வீடு.

பன்னிரண்டாவது ஆள் அப்பா. பாடசாலை வான் ஓட்டுகிறவர். கல்குடாப் பக்கத்துப் பிள்ளைகள் பதினான்கு பேரை இறக்கிவிட்டு, வானுக்குள்ளேயே இருந்து பேப்பரை முழுதாக முடிப்பவர்.

திறந்து: 64. மூடி: 63.

நம்பவில்லை. வேறு பந்தி கொடுத்தேன். மறுபடி வேறு. மூன்று தடவையும் வித்தியாசம் இல்லை. கத்திவிட்டேன்.

"அப்பாட கண்ணுக்கு இந்த மட்டையெல்லாம் தூசு மகள்."

"பேப்பர் வாசிச்சத்துக்கும் ஒரு கைதட்டல்," என்றாள் அம்மா குசினிக்குள் இருந்து.

ஓரப்பார்வையே தேவைப்படாத ஒரு வாசகர்! எங்கள் வீட்டில்!

17 பெப்ரவரி

என் மேற்பார்வையாளர் றுக்ஷானா மிஸ் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பன்னிரண்டு பேர்ல ஒராள் இப்பிடித்தான் வருவார். விலக்கிட்டுப் போங்க விதுர்ஷா."

விலக்குவதா? இவர்தான் என் ஆய்வு.

18 பெப்ரவரி

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அட்டவணையை மறுபடி எடுத்தேன். நான் வித்தியாசத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். முதல் எண்ணைப் பார்க்கவில்லை.

மட்டை இல்லாமல் அப்பா வாசிப்பது, மற்றவர்கள் மட்டையோடு வாசிக்கிற வேகத்தில்.

அப்பாவுக்கு மட்டை ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் — அவருடைய வலப்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மட்டை இருக்கிறது.

வானின் வலப்பக்கக் கண்ணாடி பொங்கலுக்குப் பிறகு இரண்டு தடவை உடைந்தது. "அவன்தான் வந்து இடிச்சவன்" என்றார் அப்பா. இரண்டு தடவையும்.

பதினான்கு பிள்ளைகள்.

பஸ் வந்தது. வளாகத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஏறினேன்.

19 பெப்ரவரி

காலை ஆறு மணிக்கு, அவர் வானைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"எனக்குப் பார்வை குறைவோ? அந்தா, ஆத்துக்குள்ள தோணியில நிக்கிறவன்ட சேர்ட்டு என்ன நிறமெண்டு சொல்லட்டா? நீலம்!"

நீலம்தான். அது நேரே.

"அப்ப அவனையே பாருங்க அப்பா. திரும்பக் கூடாது. கோப்பை தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்க." சிவப்புக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னாலிருந்து வந்தேன். இடப்பக்கம்: தோளைத் தாண்டியதும் "ஓம்" என்றார். வலப்பக்கம்: தோள், காது, கன்னம் — நான் நடந்துகொண்டே இருக்கிறேன், அவர் பேசவில்லை, ஏன் பேசுறார் இல்ல, கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்திட்டன்...

"நீ எப்ப வந்த?"

கோப்பையைப் பார்த்தார். வானைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஓட்டமாவடி நளீர் நானாவைக் கூப்பிட்டார். அவருக்கும் வான் இருக்கிறது.

"நளீர், இண்டைக்கு என்ட புள்ளயளையும் ஏத்து. ... இல்ல, வான் நல்லாத்தான் கிடக்கு. எனக்குத்தான்."

24 பெப்ரவரி

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. கண்கள் இரண்டிலும் குறையில்லை. மூளையில், பார்வை போய்ச் சேரும் இடத்தில், சிறிய இரத்த அடைப்பு. பொங்கலுக்கு முந்தின கிழமை அப்பாவுக்கு வந்த தலையிடி அதுதானாம். வெயில் என்று படுத்தவர்.

"இப்ப வந்தது நல்லம். இந்தப் பிரஷருக்கு அடுத்தது பெரிசா வந்திருக்கும்," என்றார் டொக்டர். தினமும் போடக் குளிசைகள். இனி வான் ஓட்டக்கூடாது. போன பார்வையில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப பேப்பர்?"

1 மார்ச்

பேப்பரையே பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால்?

வரி மேலிருந்து கீழே இறங்கட்டும். அடுத்த சொல் வலப்பக்கத்தில் நிற்காது. கீழே நிற்கும். கீழே அவருக்குத் தெரியும்!

இப்படிச் சிலர் பழகியிருக்கிறார்களாம், வாசித்தேன். எல்லோருக்கும் சரிவரும் என்றில்லை.

2 மார்ச்

91 நொடி. எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்குது என்று ஏசினார். பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

9 மார்ச்

"வீதியால போறவங்க என்ன நினைப்பாங்க? பேப்பரைச் சரிச்சுப் பிடிச்சிட்டு இருக்கிறீங்க," என்றாள் அம்மா.

"சும்மா இரி. புள்ள மணிக்கூடு பிடிக்கிறாள்."

57.

இன்னொரு பந்தி கொடுத்தேன். 58. அப்பா அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினார்.

அப்பாவின் எண்களை அட்டவணையிலிருந்து எடுத்துத் தனித்தாளில் எழுதினேன். பன்னிரண்டாவது ஆளாக வரமுடியுமா என்று பக்கத்து வீட்டு நிருஷாவிடம் கேட்டேன். நாளைக்கு வருகிறாளாம்.