சிரிப்புக்கு முன் ஓர் இடைவெளி

ஆகஸ்ட் 6, புதன்

கண்ணையன் அண்ணன் கடையில் இன்று சண்டை. "அண்ணே, இது பன்னீர் சோடாவா, குழாய்த் தண்ணிக்குப் பட்டப்பேரா?" என்றேன். என் தோழி அறிவுமதி அதே பாட்டிலை வாங்கிக் குடித்து ஏப்பம் விட்டாள். "நல்லாத்தான்டி இருக்குது." அப்படியென்றால் கோளாறு என் நாக்கில். புது மாத்திரை தொடங்கியதிலிருந்து விரல் நுனியில் எறும்பு வேறு ஊர்கிறது.

என்னுடையது விழுந்து துடிக்கிற வலிப்பு இல்லை. மூளையின் ஒரு மூலையில் மட்டும் மின்சாரம் எகிறுமாம். நான் அப்படியே நின்றுவிடுவேன். வாய் எதையோ மெல்லும், விரல் பொத்தானைத் திருகும். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும், எனக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது. அதற்கு நான் வைத்த பேர் 'பவர்கட்'. ரொம்ப நாள் வீட்டில் நான் நடிக்கிறேன் என்றே நினைத்தார்கள். கேலிக்காரி என்று எனக்குப் பேர் அப்படி!

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு மாத்திரை. காலையில் நான் குறில், இரவில் நெடில். நடமாடும் இலக்கணம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு மாதமாகப் பவர்கட் இல்லை. டாக்டருக்கு மகிழ்ச்சி. "வேற தொந்தரவு ஏதாச்சும்?" என்றார். சோடாவைச் சொன்னேன். "இந்த மாத்திரைக்கு அப்படித்தான். தண்ணி நிறைய குடி" என்று சிரித்தார்.

இன்னொன்றைச் சொல்லவில்லை. நேற்று வகுப்பில், "அது... சாவி போட்டுத் திருகுவோமே, அது..." என்று திணறினேன். பூட்டு. பூட்டு என்ற சொல் வரவில்லை! வாய்க்கே பூட்டு என்ற ஜோக், ராத்திரி சோறு தின்னும்போதுதான் தோன்றியது. ஆறிப்போன சோறு, ஆறிப்போன ஜோக்.

சொல் வரவில்லை என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. இருப்பதே அது ஒன்றுதான் என்னிடம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நவம்பர் முதல் தேதி எங்கள் ஊர் விடுதலை நாள். பள்ளி விழாவுக்குப் பட்டிமன்றம். கமலவேணி டீச்சர் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டார். "கவிநிலா இல்லாம சிரிப்பு ஏது?"

ஒத்திகையில் எதிரணி ராஜ்கமல் கலாய்த்தான். "இன்னா கவி, நெட்வொர்க் இல்லியா?" சுமாரான ஜோக். பழைய நானாக இருந்தால் அவன் வாய் மூடுவதற்குள் திருப்பியிருப்பேன். எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்காகக் காத்திருக்கிற முகங்கள் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

சொற்களைத் தின்பது மாத்திரைதான் என்று தோன்றியது; உடைத்துப் பாதி போட்டேன். அரை மாத்திரை என்றால் மெய். அம்மாவிடம் "போட்டாச்சும்மா" என்றது பொய்.

அக்டோபர் 30, வியாழன்

இன்று அந்தப் பாதியும் இல்லை. ரெண்டு நாள்தானே? விழா முடிஞ்சதும் போட்டுக்கலாம். என்ன ஆயிடப்போகுது?

நவம்பர் 1, சனி

ஞாபகம் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

நெற்றியில் தையல். விழாவில் யாரோ எடுத்த வீடியோவை அழிக்கச் சொல்லி அழுதாள் அறிவு. நான் பார்த்தேன்.

"எதிரணித் தலைவர் ராஜ்கமல் அவர்களே, உங்க வாதத்தக் கேட்டதும் எனக்கு—" நிற்கிறேன். எப்போதும் வெடியைப் போடுமுன் நான் நிற்கிற இடம் அது. மெல்லுகிறேன். பொத்தானைத் திருகுகிறேன். அரங்கமே சிரிக்கிறது. விசில். "செம ஆக்டிங்டி!" அப்புறம் விழுகிறேன். கை கால் எல்லாம் துடிக்கிறது. எனக்கு இதுவரை வராத பெரிய வலிப்பு. அப்பவும் யாரோ கை தட்றாங்க!

அறிவு மட்டும் மேடைக்கு ஓடி வருகிறாள். ஒருத்தர் தண்ணீரோடு குனிகிறார். "வாயில ஊத்தாதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!" அவள் குரல் கிறீச்சிடுகிறது.

கீழே உட்கார்ந்திருந்தால் நான் என்ன பண்ணியிருப்பேன்? சிரிச்சிருப்பேன். எல்லாரையும்விட சத்தமா.

தட்டாஞ்சாவடி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். திட்டவில்லை. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேடி" என்றாள், ஒரே ஒரு தடவை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன், பூட்டு வரைக்கும். "இத முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரைய மாத்தியிருப்பேனே, கண்ணு. சில பேருக்கு இப்படி வார்த்தை தடுமாறும். அதுக்கு வழி இருக்கு. நீயா சட்டுன்னு நிறுத்தினா, இல்லாத வலிப்பும் வரும்."

புதியதைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சங்கொஞ்சமாக இறக்குவாராம். கூட வந்த அறிவுக்கும் பாடம் நடந்தது: முதலில் கடிகாரத்தைப் பார், அஞ்சு நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கணக்கு வகுப்பில்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

விரலிலிருந்த எறும்புகள் காலி செய்துவிட்டன.

ஜனவரி 21, புதன்

பன்னீர் சோடா மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர். "அண்ணே, சோடாவுக்கு உசுரு வந்துடுச்சு!" கண்ணையன் அண்ணன், "சோடாவுக்கா?" என்றார். பரவாயில்லை, அவருக்கும் ஜோக் வருகிறது.

சொற்களும் வருகின்றன, பழைய வேகத்தில். சுற்றி நம் கூட்டம், ராஜ்கமலும் இருந்தான். ஆரம்பித்தேன். "நேத்து கெமிஸ்ட்ரி லேப்ல நம்ம சார் ஒரு பாட்டிலத் தொறந்து மோந்து பாத்தாரு. பாத்தவரு—"

நின்றேன். அதே பழைய இடம்.

ராஜ்கமல் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் பாட்டில் கூடையை அவசரமாகத் தள்ளி வைத்தார். அறிவு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். "கவி... நான் பேசறது கேக்குதா?"

"கேட்டுக்கினுதான்டி இருக்கேன்."

மீதியைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், காசு கொடுத்துக் கூட்டி வந்த மாதிரி, ரொம்ப நேரம். அறிவின் கை மட்டும் என் தோளிலேயே இருந்தது.

இனி இடைவெளி விடாமல் ஜோக் சொல்லிப் பழக வேண்டும்.