நாலாவது வால்வு

1983 மார்ச் 12
பஜாரில் முகமது இஸ்மாயில் பாயின் பழைய சாமான் கடைக்கு, கப்பலில் கழித்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று வந்திருக்கிறது. இங்கிலீஷ் உருப்படி. பல்பு மாதிரி இருக்கும் நாலு வால்வில் மூன்றுதான் இருக்கிறது. பாடாது. இருநூறு ரூபாய் என்றார். நூற்றைம்பது என்றேன்.

என்னிடம் ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது. தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே அடித்த ஸ்பீக்கர் பெட்டி இரண்டு இருக்கிறது. இது ஒன்றுதான் ஏழு வருடமாக அமையவில்லை.

மார்ச் 13
மூக்கம்மாள் கேட்கிறாள்: "அந்த ரெண்டு பெட்டியும் ஊமையாத்தானே நிக்குது. எடுத்துட்டு அரிசி டின்ன வைக்கட்டா?"
பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது!

மார்ச் 19
புத்தி கெட்டு ஒரு காரியம் செய்தேன். 62-இல் எட்டு ரூபாய்க்கு வாங்கிய இதே ரக வால்வு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. வாங்கும் முன் சோதிப்பதுதானே முறை? கடையிலேயே மாட்டி, அங்கே கிடந்த ரெக்கார்டு பிளேயரோடும் ஸ்பீக்கரோடும் சேர்த்தேன். அறுந்த ஒயரையும் பற்றவைத்தேன்.

பாடியது — மிளகு மூட்டையோடு போனவர்கள்கூட நின்றார்கள்.

"அறுநூறு, அண்ணாச்சி. இப்போ பாடுதுல்லா."
"பாட வச்சது யாரு பாய்?"
"நீங்கதான். ஆரு இல்லேன்னா? பொருளு நம்மளுதுல்லா."

சுடச்சுட வால்வைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு விரல் கொப்புளித்துவிட்டது.

மார்ச் 20
எனக்கு நானே விலை ஏற்றிக்கொண்டேன். யாரிடமும் போகாமல் நானாகக் கற்ற வேலைக்கு இதுவா கூலி? தரமாட்டேன். நூற்றைம்பதுக்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்.

ஜூலை 9
பாய் வால்வு தேடி எறணாகுளம் முழுக்க அலைந்திருக்கிறார். டிரான்சிஸ்டர் வந்த பிறகு எவன் வைத்திருப்பான்? என் வால்வுக்கு என்ன வேண்டும் என்றார். நானூற்றைம்பது என்றேன்.
"எட்டு ரூபா சாமானுக்கா? படச்சவன் பொறுப்பானா அண்ணாச்சி?"
"அறுநூறுக்குப் பொறுத்தான்ல?"

செப்டம்பர் 3
பம்பாயில் வால்வு செட்டுக்குக் கிராக்கியாம். பாய் எழுநூற்றைம்பது என்கிறார். என் வால்வும் அறுநூறு ஆகிவிட்டது.

1984 பிப்ரவரி 11
ஓடாமல் கிடந்தால் செட்டு கெட்டுப்போகும். அதற்காகத்தான் போனேன். வால்வை மாட்டி ஒரு இசைத்தட்டு போட்டேன். பாய் சாயா வரவழைத்தார். வால்வை ஆறவிட்டு, துண்டில் சுற்றி எடுத்துவந்தேன். விலை பேசவில்லை.

பிப்ரவரி 18
போனேன்.

பிப்ரவரி 25
போனேன்.

ஜூன் 16
கடை ஸ்பீக்கர் கரகரக்கிறது, சகிக்கவில்லை. என் பெட்டி இரண்டையும் கைவண்டியில் ஏற்றி, மழைக்குத் தார்ப்பாய் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். தற்காலிகமாகத்தான்.

அக்டோபர் 6
பம்பாய் ஆள் வந்தான். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான். இரண்டாயிரத்து ஐந்நூறு, ரொக்கம் என்றான்.

நான் எழுந்து சுவிட்சை அணைத்தேன். ஆறும்வரை நின்றேன். அவ்வளவு பணத்தை எந்த வியாபாரிதான் விடுவார்? வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாய் என் பையைப் பார்த்தார். பிறகு அவனிடம் இந்தியில், ஒரு வால்வு குறைகிறது, கிடைத்ததும் எழுதுகிறேன் என்றார்.
இப்போது பாடியதே என்றான்.
அது இவருடையது என்றார்.

அறுநூறை என்னிடம் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அவன் போனதும், "சாயா சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 7
பெட்டிகள் இருந்த இடத்தில் மூக்கம்மாள் அரிசி டின்னை வைத்துவிட்டாள். வைக்கட்டும்.