மார்லனை எடுக்கலாம்

என்னங்க,

தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. கோட்டுச்சேரிமேட்டு மீன்காரம்மா வந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உங்கள் தம்பி நடத்தும் போன் ஃபுட்பால் விளையாட்டுக்கு இன்று நீங்கள் ஆள் எடுக்க வேண்டுமே. கையால் பந்தை எறிந்து பிடிக்கும் அந்த ஊர் ஃபுட்பாலில் நிஜமாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி, போனில் உங்களுக்கென்று ஒரு டீம் சேர்க்கிறீர்கள். இந்த வருடம் வேறு டீமுக்கு மாறிய, பந்து பிடிக்கிற அந்த மார்லனைப் பற்றித் தம்பியிடம் வாரம் முழுக்கப் பேசினீர்கள். "வயசானா என்னடா? புது டீமுக்குப் போனா புது உசுரு வந்துடும். பழகக் கொஞ்சம் டயம் குடுக்கணும்" என்றது அடுப்படி வரை கேட்டது.

எனக்குத் தலைமை நர்ஸ் பதவி கொடுத்து யானாமுக்கு மாற்றியபோது, "இந்த வயசுல தெலுங்கு ஊர்ல போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? என்னைக் கேட்காமலே எங்கள் ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் போய், "அவளால முடியாதுங்க, காரைக்கால்லயே விட்டுடுங்க" என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நேற்று நானே நேரில் போய், யானாமுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்லன் ஆடியதை உங்கள் போனில் நானும் பார்த்தேன். கால் தளரவில்லை. பழைய டீமில் ஆட்டம் முழுக்க அவர் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவர் பக்கம் பந்தை எறியத்தான் ஆளில்லை. புது டீமில் எறிவார்கள். தைரியமாக எடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தேவிகா

பி.கு.: குழம்பு நாளை வரைக்கும்தான் வரும். அப்புறம் நீங்கள்தான் சமைக்க வேண்டும். பழகக் கொஞ்சம் டயம் ஆகும்.