எழுந்து நிற்கச் சொன்னார்கள்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றபடியே. திருத்திய விடைத்தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மூன்றாம் பீரியட், பத்தாம் வகுப்பு, என் கணக்குப் பாடம். சமூக அறிவியல் குமரவேல் உதவித்தொகைப் பட்டியலோடு உள்ளே வந்தார். “எஸ்.டி. புள்ளைங்க யாரு? எழுந்து நில்லுங்க.” சந்தியா ஒருத்திதான் எழுந்தாள். கிள்ளையிலிருந்து வரும் இருளர் வீட்டுப் பெண். பின் பெஞ்சில் எவனோ, “எலி புடிக்கிறவ.” குமரவேல் சிரித்தார்.

சமத்துவம் பற்றிப் பாடம் நடத்துகிற ஆள்! நான்? போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 9, புதன்

சந்தியா வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் குமரவேலிடம் கேட்டேவிட்டேன். கு.: “பட்டியல்ல இருக்கறதத்தானே கேட்டேன்? ஒங்களுக்கு ஏன் மேடம் எரியுது? நீங்களும் அவுங்க ஆளா?”

“ஆமான்னே வெச்சிக்குங்க.”

மதியம் என் டப்பாவிலிருந்து யாரும் ஊறுகாய் எடுக்கவில்லை. எச்.எம்.: “பெருசு பண்ணாதீங்கம்மா. இன்ஸ்பெக்‌ஷன் வருது.” த்தூ.

வாங்க: சிவப்புப் பேனா, துவரம்பருப்பு, தலைவலித் தைலம்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் கிள்ளை. சந்தியா அம்மாவோடு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அம்மா உட்காரச் சொல்லவில்லை.

“அந்த சாரு கேக்கசொல்ல நீங்க அங்கதான் நின்னீங்களாமே?”

“ஆமாம்மா.”

“வாயத் தொறக்கல.”

“தொறக்கல.”

“அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்?”

பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினேன். வழியெல்லாம் கு. மேல் ஆத்திரம். என் மேல் அதைவிட ஜாஸ்தி.

ஜூலை 11, வெள்ளி

புகார் எழுதிக் கொடுத்தேன். கு. கேட்டது, பின் பெஞ்சில் சொன்னது, நான் பேசாமல் நின்றது. மூன்றும்.

எச்.எம்.: “ஒங்க பேர ஏம்மா போட்டீங்க?”

“நானும் அங்கதான சார் இருந்தேன்.”

இனி யாரும் வகுப்பில் சாதி கேட்கக் கூடாது, பெற்றோரிடம் தனியாகத்தான் விவரம் வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதி எச்.எம். முன்னால் வைத்தேன். அவர் அதில் கையெழுத்துப் போடும்வரை அறையை விட்டு நகரவில்லை. சந்தியா அம்மாவுக்குப் போனில் சொன்னேன். “ம்” என்று வைத்துவிட்டாள். வராண்டாவில் கு. என்னைப் பார்த்துக் காறித் துப்பினார். துப்பட்டும்.

ஜூலை 14, திங்கள்

சந்தியா வந்திருந்தாள்! ‘எலி’ என்றவன் யாரென்று தெரியும். வகுப்பில் எழுப்பவில்லை. எழுப்பினால் எனக்கும் கு.வுக்கும் என்ன வித்தியாசம்? தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: “அன்னிக்கு இங்க நடந்தது தப்பு. டீச்சர் நான் பேசாம நின்னது பெரிய தப்பு.”

பெல் அடித்ததும் சந்தியாவிடம் போனேன். “நீ வந்தது சந்தோஷம்மா.”

பையைத் தோளில் மாட்டினாள்.

“ஒங்களுக்காக வரல டீச்சர். பத்தாவது பாஸ் பண்ணணும். அதுக்கு வந்தேன்.”