அண்ணி கேட்ட ஆலோசனை

ஜூன் 4, செவ்வாய்

இன்று புது வகுப்பு. மரச்சாமான் கடை ஒன்றின் ஊழியர்கள் ஏழு பேர், மாலை நேர ஆங்கிலம். வாடிக்கையாளர் வந்து "என் ஹாலுக்கு எது பொருந்தும்?" என்று கேட்டால், ஆங்கிலத்தில் யோசனை சொல்லத் தெரிய வேண்டுமாம். கடைசி நாற்காலியில் யார்? அண்ணி! திரைச்சீலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். இரண்டு வருடமாக நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. "குட் ஈவினிங் மிஸ்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வருகைப் பதிவில் டிக் அடித்தேன்.

ஜூன் 6

சோபா, அலமாரி, தரைவிரிப்பு, மேசை விளக்கு. படத்தைக் காட்டி ஆங்கிலப் பெயர் சொல்ல வைத்தேன். தப்பாகச் சொன்னவர்களை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். அண்ணியை ஐந்து முறை. அற்பத்தனம்தான். தெரிந்தேதான் செய்தேன்.

ஜூன் 11

'ஷுட்' என்றால் யோசனை, 'மஸ்ட்' என்றால் கட்டளை என்று விளக்கினேன். கட்டில் பிரிவில் இருப்பவரை எல்லோரும் 'மெத்தை அண்ணன்' என்பார்கள். "அப்ப என் வீட்டுல எனக்குக் கிடைக்கிறது பூரா மஸ்ட்தான் மிஸ்" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அண்ணி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "புருஷனோட குடும்பம் நடத்தத் தெரியாதவ, வீட்டை எப்படி வெச்சுக்கணும்னு பாடம் எடுக்குறா." என் காதில் விழட்டும் என்றே சொன்னது. விழுந்தது.

ஜூன் 13

போகப் பிடிக்கவில்லை. போனேன்.

ஜூன் 18

ஒருவர் தன் வீட்டு அறையை விவரிக்க வேண்டும், மற்றவர்கள் யோசனை சொல்ல வேண்டும் — இதுதான் பயிற்சி. அண்ணி தானாகவே எழுந்தாள். சுவரோரம் மரக்கட்டில், பச்சை அலமாரி, மூலையில் ஒரு முக்காலி. அந்த அறையை விருந்தாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும், என்ன செய்யலாம் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டாள்.

அது அம்மாவின் அறை.

ஆளாளுக்கு உற்சாகம். சோபா போடுங்கள், வெளிர் நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். மெத்தை அண்ணன் மட்டும், இப்போது அந்தக் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணிக்கு ஆங்கிலம் ஓடவில்லை. "மாமியார். ஒண்ணாம் தேதி அவங்கள முதியோர் ஹோம்ல சேக்குறோம்" என்றாள், என் முகத்தைப் பார்த்தபடி.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றேன். ஐயோ, அப்படித்தான் சொன்னேன்! அவளும் சொன்னாள். ஒரு வினைச்சொல் தப்பு. திருத்தினேன்.

ஜூன் 19

அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினான்.

"உனக்கு யாரு சொன்னா?"

"உன் பொண்டாட்டிதான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சா."

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பகல்ல யாரு பாத்துக்குறது? வாய் கிழியப் பேசுறியே, நீ கூட்டிட்டுப் போயேன்."

"கூட்டிட்டுத்தான் போகப்போறேன்."

சொல்லிவிட்டேன். என்ன காரியம் செய்தேன்? விவாகரத்தாகி நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று, "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இங்க ஏது ரூம்?" என்று அண்ணி கேட்டபோது, இதே அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை? ம்ஹும். அவளை நான் எதற்குச் சுமக்க வேண்டும்?

ஜூன் 23, ஞாயிறு

அம்மா வந்துவிட்டாள். என் ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது வீடா, குடோனா? நான் அந்த ஹோமுக்கே போயிருப்பேன்" என்றாள். கட்டில் அவளுக்கு. எனக்குத் தரை.

ஜூன் 27

சாப்பாட்டில் உப்பில்லை என்பதில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது.

"அன்னிக்கு ஏம்மா வாயத் திறக்கல?" கேட்டே விட்டேன்.

"திறந்திருந்தா என்னையும் சேத்து வெளிய தள்ளியிருப்பா. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உப்பு டப்பாவை அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன். கோபம்தான். வேறென்ன?

ஜூலை 2

வாய்மொழித் தேர்வு. நான் வாடிக்கையாளர், அவர்கள் விற்பனையாளர்கள். அண்ணியின் முறை வந்தது. என் வீட்டில் ஒரே அறை, வயதான அம்மாவும் உடன் இருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவள் முகம் கறுத்தது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "யூ ஷுட் ஃபைண்ட் எ பிக்கர் ஹவுஸ்."

ஒரு பிழைகூட இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். போடாமல் என்ன செய்ய?

ஜூலை 7, ஞாயிறு

காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால், அறையே தலைகீழாகக் கிடக்கிறது. கட்டில் உள்சுவரோரம் போயிருக்கிறது. அது இருந்த இடத்தில், ஜன்னலுக்கு நேராக, என் மேசை. இழுத்த தடம் தரை முழுக்க.

"யாரக் கேட்டு நகத்துனம்மா? இடுப்பு என்னாகுறது?"

"இருட்டுல உக்காந்து பேப்பர் திருத்துனா கண்ணு கெட்டுப்போகும். இது தெரியல, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறா." இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய், வெளிச்சம் எட்டாத அந்த மூலையில் படுத்துக்கொண்டாள்.

சண்டை போட வாயெடுத்தேன். போடவில்லை.

இதை ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.