பூசைக்கு மட்டும் ஓடிய பைக்

எதில்பெர்த்தோ,

அரேப்பா சோள ரொட்டி சட்டியில் மூடியிருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பைக்கை விற்க நீங்கள் போட்ட விளம்பரத்தைப் பார்த்து நம் பங்குச் சாமியாரே போன் பண்ணினார். "பொம்பளை ஓட்டின வண்டி, ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டுந்தான் போச்சுன்னு போட்டிருக்கு. உன்னை நான் கோயில்ல பார்த்ததே இல்லையேம்மா!" என்கிறார்.

மீட்டரில் தொண்ணூற்று நாலாயிரம் கிலோமீட்டர். நான் என்ன ரோமுக்கா பூசைக்குப் போனேன்? தினமும் பொகோத்தாவுக்கு வேலைக்கு ஓட்டியது நீங்கள்தான், மாட்டியிருப்பது நாலாவது செயின் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். விலை குறைந்தால் குறையட்டும்.

சாமியார் பூசை முடிந்து பத்து மணிக்கு வண்டியைப் பார்க்க வருகிறார். சட்டை போட்டுக்கொண்டு பேசுங்கள்.

யோலிமா

பி.கு.: பைக்கைக் காணோம் என்று பதறாதீர்கள். நான்தான் எடுத்துக்கொண்டு பூசைக்குப் போகிறேன். அந்த விளம்பரத்தில் ஒரு வரியாவது உண்மையாகட்டும்.